ஒரு தங்கக்காசு வைத்திருந்த சுல்தான்

1193-ம் ஆண்டு மார்ச் மாதம் 4-ந்தேதி. பொழுது விடியும் நேரம். சிரியா நாட்டின் டமாஸ்கஸ் கோட்டைக்குள் 12 நாட்களாகக் காய்ச்சலில் படுத்திருந்த சுல்தான் சலாவுதீன் காலமானார்.

எகிப்து, சிரியா, ஏமன், பாலஸ்தீனத்தின் பெரும் பகுதி, வடக்கு ஈராக்கில் ஒரு பகுதி. இவ்வளவும் அவருடைய ஆட்சியில் இருந்தன. நைல் நதி பாயும் எகிப்தின் வருமானம் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

அவருடைய சொந்தக் கருவூலத்தைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரே ஒரு தங்கக்காசும், 47 வெள்ளிக்காசுகளும் இருந்தன.

சொந்த வீடு இல்லை. நிலம் இல்லை. தோப்பு இல்லை. அடக்கச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. புதைகுழிக்கு மண் கல் அறுக்கத் தேவையான வைக்கோலைக் கூட கடனுக்குத்தான் வாங்கினார்கள்.

இந்த விவரத்தை எழுதி வைத்தவர், சுல்தான் கூடவே இருந்த நீதிபதி பகாவுதீன்.

யார் இந்த சலாவுதீன்? எதிரி நாட்டார் கூட தங்கள் கதைகளில் புகழ்ந்து எழுதும் அளவுக்கு அவர் என்ன செய்தார்?

பிறந்த இரவே வெளியேற்றம்

ஈராக் நாட்டில் டைகிரிஸ் ஆற்றின் கரையில் திக்ரித் என்ற ஊர் உள்ளது. அந்த ஊர்க் கோட்டைக்குத் தளபதியாக இருந்தவர் அய்யூப். குர்து இனத்தைச் சேர்ந்தவர். பிழைப்புக்காக அவருடைய குடும்பம் வடக்கே உள்ள மலை நாட்டில் இருந்து ஈராக்குக்கு வந்து குடியேறி இருந்தது.

1137-ம் ஆண்டின் பிற்பகுதியில் அல்லது 1138-ம் ஆண்டின் தொடக்கத்தில் அய்யூப்புக்கு ஒரு மகன் பிறந்தான். யூசுப் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் கிடைத்த பட்டப்பெயர்தான் சலாவுதீன்.

குழந்தை பிறந்த வேளை, குடும்பத்துக்குச் சோதனையான வேளை. அய்யூப்பின் தம்பி ஷிர்கூ முன்கோபக்காரர். ஒரு தகராறில் அவர் ஓர் ஆளைக் கொன்றுவிட்டார். குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறும்படி மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தது.

குழந்தை பிறந்த அதே இரவில் அவர்கள் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டார்கள் என்று அக்கால வரலாற்று ஆசிரியர்கள் எழுதி இருக்கிறார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் பிறந்த குழந்தை ராசியில்லாதது என்று அய்யூப் மனம் வருந்தினாராம்.

அடைக்கலம் கொடுத்தவர் மோசூல் நகரின் அதிபர் ஜெங்கி. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு போரில் தோற்று ஓடி வந்த ஜெங்கி, ஆற்றைக் கடக்க வழியில்லாமல் திக்ரித்தில் தவித்தார். அப்போது படகு கொடுத்து அக்கரை சேர்த்தவர் அய்யூப். அந்த உதவியை ஜெங்கி மறக்கவில்லை. லெபனானில் உள்ள பால்பெக் கோட்டைக்கு அய்யூப்பைத் தளபதி ஆக்கினார்.

சலாவுதீன் பால்பெக்கிலும், பிறகு டமாஸ்கசிலும் வளர்ந்தார்.

பரங்கியர்

சலாவுதீன் பிறப்பதற்குச் சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியப் படைகள் அந்த நாட்டுக்குள் புகுந்துவிட்டன.

1095-ம் ஆண்டில் போப் 2-ம் உர்பன், ஏசுநாதரின் கல்லறை உள்ள ஜெருசலேம் நகரை முஸ்லிம்களிடம் இருந்து மீட்க வேண்டும் என்று ஐரோப்பிய மக்களைக் கேட்டுக்கொண்டார். துணியில் சிலுவை அடையாளம் தைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் புறப்பட்டார்கள். இதுவே முதல் சிலுவைப்போர்.

1099-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி ஜெருசலேம் விழுந்தது. நகருக்குள் இருந்த முஸ்லிம்களும், யூதர்களும் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு இல்லாமல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலையின் நினைவு தலைமுறை தலைமுறையாக அந்த நாட்டு மக்கள் மனதில் நின்றது.

வந்தவர்கள் ஜெருசலேம், அந்தியோக்கியா, எடெசா, திரிப்போலி என்று நான்கு ராஜ்யங்களை அமைத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் பிராங்கு இனத்தவர்கள். அதனால் அரபு மக்கள் எல்லோரையும் சேர்த்து "பரஞ்சி" என்று அழைத்தார்கள். நாம் வெள்ளைக்காரர்களைப் பரங்கியர் என்று அழைத்தோமே, அந்தச் சொல்லும் இந்த வழியில் வந்ததுதான்.

1144-ம் ஆண்டில் ஜெங்கி, எடெசாவை மீட்டார். அவருக்குப் பிறகு அவருடைய மகன் நூருதீன் ஆட்சிக்கு வந்து, 1154-ல் டமாஸ்கசையும் பிடித்தார். அய்யூப்பும், ஷிர்கூவும் நூருதீனிடம் வேலை பார்த்தார்கள்.

சித்தப்பா இழுத்துச் சென்றார்

இளைஞர் சலாவுதீனுக்குப் போரைவிட படிப்பிலும், குதிரைப்பந்து விளையாட்டிலும் ஆர்வம் அதிகம். அவரைப் போர்க்களத்துக்குக் கூட்டிப்போனவர் சித்தப்பா ஷிர்கூ. குள்ளமான, பருத்த உடல். ஒரு கண் பார்வை கிடையாது. ஆனால், படை நடத்துவதில் கெட்டிக்காரர்.

அப்போது எகிப்து நாட்டைப் பாத்திமா வம்ச கலீபாக்கள் ஆண்டு வந்தார்கள். பெயருக்குத்தான் கலீபா. அதிகாரம் மந்திரிகள் கையில். மந்திரி பதவிக்குச் சண்டை. ஒரு மந்திரி சிரியாவின் உதவியைக் கேட்பார். சிரியா படை வந்ததும், அதை விரட்ட ஜெருசலேம் மன்னரின் உதவியைக் கேட்பார்.

இந்திய மிளகும், மற்ற வாசனைப் பொருட்களும் ஏடன் துறைமுகம் வழியாகச் செங்கடலில் ஏறி எகிப்து போய்த்தான் ஐரோப்பாவுக்குச் சென்றன. எகிப்து யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் பணம். ஆகவே இரு தரப்பும் அதன் மீது கண் வைத்தன.

1164, 1167, 1168 ஆகிய ஆண்டுகளில் ஷிர்கூ மூன்று முறை எகிப்துக்குப் படையுடன் போனார். மூன்றாவது முறை போக சலாவுதீனுக்கு விருப்பமே இல்லை. முன்பு அலெக்சாண்டிரியா முற்றுகையில் பட்ட துன்பம் போதும் என்று மறுத்தார். நூருதீன் விடவில்லை. குதிரையும், செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார். சாவுக்கு இழுத்துப் போகப்படுவது போல் போனதாகப் பிற்காலத்தில் சலாவுதீன் நண்பர்களிடம் கூறினார்.

1169-ம் ஆண்டு ஜனவரியில் ஷிர்கூ கெய்ரோவில் நுழைந்து மந்திரி ஆனார். இரண்டே மாதத்தில், வயிறு நிறைய மாமிசம் சாப்பிட்டதால் வந்த நோயில் இறந்துபோனார்.

அடுத்த மந்திரி யார்? படையில் மூத்த தளபதிகள் பலர் இருந்தார்கள். கலீபாவின் ஆட்கள் தேர்ந்தெடுத்தது 31 வயது சலாவுதீனை. வயதில் சிறியவர், சொன்னபடி கேட்பார் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு தப்பியது

பதவிக்கு வந்த சில மாதங்களில் அரண்மனை ஆட்கள் பரங்கியருடன் சேர்ந்து சதி செய்வதை சலாவுதீன் கண்டுபிடித்தார். சதிக்குத் தலைவனாக இருந்த அரண்மனை அதிகாரி கொல்லப்பட்டான். அதனால் கெய்ரோவில் இருந்த சூடான் நாட்டுப் படை வீரர்கள் கலகம் செய்தார்கள். இரண்டு நாள் தெருச்சண்டை நடந்தது. அவர்களுடைய குடியிருப்புக்குத் தீ வைத்து, கலகத்தை ஈவு இரக்கம் இன்றி அடக்கினார்.

1171-ம் ஆண்டில் பாத்திமா வம்ச ஆட்சி முடிவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தொழுகையில் பாக்தாத் கலீபாவின் பெயர் வாசிக்கப்பட்டது. அப்போது நோயாகப் படுத்திருந்த எகிப்து கலீபாவிடம் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டாம், நிம்மதியாகக் கண்ணை மூடட்டும் என்று சலாவுதீன் கூறிவிட்டார். சில நாட்களில் கலீபா இறந்தார்.

அரண்மனையில் குவிந்து கிடந்த செல்வத்தில் எதையும் சலாவுதீன் தனக்கு என்று வைத்துக்கொள்ளவில்லை. அரண்மனையிலும் குடியேறவில்லை.

1174-ம் ஆண்டு மே மாதம் நூருதீன் டமாஸ்கசில் இறந்தார். அவருடைய மகனுக்கு 11 வயது. சிறுவனைச் சுற்றி இருந்தவர்கள் அதிகாரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். சலாவுதீன் 700 குதிரை வீரர்களுடன் பாலைவனத்தைக் கடந்து டமாஸ்கசுக்கு வந்தார். கதவுகள் திறந்தன.

எஜமானின் மகனுக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று பலர் தூற்றினார்கள். அடுத்த 12 ஆண்டுகளில் பெரும் பகுதியை அவர் செலவிட்டது முஸ்லிம் அதிபர்களுடன் நடந்த சண்டையில்தான். அலெப்போ 1183-ல் பணிந்தது. மோசூல் 1186-ல் பணிந்தது. இரு முறை கொலையாளிகள் கூடாரம் வரை வந்து கத்தியால் தாக்கினார்கள். தலைப்பாகைக்கு அடியில் இருந்த இரும்புக்கவசம் அவரைக் காப்பாற்றியது.

1177-ம் ஆண்டில் ஒரு பெரிய தோல்வியும் கிடைத்தது. ஜெருசலேம் மன்னர் 4-ம் பால்ட்வினுக்கு அப்போது 16 வயது. தொழுநோயாளி. அவர் சிறு படையுடன் வந்து, சிதறிக் கிடந்த எகிப்துப் படையை எதிர்பாராமல் தாக்கினார். ஒட்டகத்தில் ஏறித் தப்பிய சலாவுதீன், மழையிலும் பட்டினியிலும் பாலைவனத்தைக் கடந்து கெய்ரோ போய்ச் சேர்ந்தார். தோற்ற விவரத்தை அவர் மறைக்கவில்லை.

வழிப்பறி செய்த பிரபு

பரங்கியர் பக்கத்தில் ரெனால்டு என்று ஒரு பிரபு இருந்தான். எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடையே உள்ள பாதையில் கெராக் என்ற கோட்டை அவனுடையது. சண்டை நிறுத்த ஒப்பந்தம் அமலில் இருக்கும்போதே வணிகர் கூட்டங்களை மடக்கிக் கொள்ளை அடிப்பது அவன் வழக்கம்.

1182-ல் கப்பல்களைப் பகுதி பகுதியாக ஒட்டகங்களில் ஏற்றிப்போய்ச் செங்கடலில் இறக்கினான். அவனுடைய ஆட்கள் ஹஜ் பயணிகளின் கப்பல்களையும், வணிகக் கப்பல்களையும் கொள்ளையிட்டார்கள். சலாவுதீனின் தம்பி ஆதில் அனுப்பிய கடற்படை அவர்களை ஒழித்தது.

அதன் பிறகும் ரெனால்டு திருந்தவில்லை. 1186-87 குளிர்காலத்தில், ஒப்பந்தத்தை மீறி ஒரு பெரிய வணிகக் கூட்டத்தைத் தாக்கி, அதில் வந்தவர்களைச் சிறையில் அடைத்தான். ஆட்களையும் பொருளையும் திருப்பித் தரும்படி சலாவுதீன் கேட்டார். ஜெருசலேமின் புதிய மன்னர் லூசிஞானும் சொல்லிப் பார்த்தார். ரெனால்டு மறுத்துவிட்டான். அவனைத் தன் கையாலேயே கொல்வதாக சலாவுதீன் சபதம் செய்தார்.

ஒப்பந்தம் முறிந்தது. போர் வந்தது.

தாகத்தில் தோற்ற படை

1187-ம் ஆண்டு ஜூலை 2-ந்தேதி சலாவுதீன், கலிலேயா ஏரிக்கரையில் உள்ள திபேரியா நகரைத் தாக்கினார். கோட்டைக்குள் திரிப்போலி பிரபு ரேமண்டின் மனைவி சிக்கிக்கொண்டார்.

பரங்கியர் படை சுமார் 20 ஆயிரம் பேர், நீர் வசதி உள்ள இடத்தில் முகாம் போட்டிருந்தது. தன் மனைவியே சிக்கி இருந்தும், படை அங்கிருந்து நகரக்கூடாது என்று ரேமண்டு வாதாடினார். வழியில் தண்ணீர் கிடையாது, கோடை வெயிலில் படை அழிந்துவிடும் என்று எச்சரித்தார். முதலில் சம்மதித்த மன்னர், இரவில் மற்றவர்கள் பேச்சைக் கேட்டு மனம் மாறினார்.

3-ந்தேதி காலையில் படை புறப்பட்டது. சலாவுதீன் விரும்பியதும் அதைத்தான். வழி நெடுக அவருடைய குதிரை வீரர்கள் அம்பு எய்து நடையைத் தடுத்தார்கள். இரவில் படை நடுவழியில் தண்ணீர் இல்லாமல் தங்க நேர்ந்தது. சற்று தூரத்தில் ஏரி. இடையில் சலாவுதீனின் படை.

மறுநாள் காலையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். புகை பரங்கியர் முகத்தில் அடித்தது. தாகத்தால் நாக்கு வறண்ட காலாட்படையினர் ஹத்தீன் என்ற இரட்டைக் குன்றின் மேல் ஏறிக்கொண்டு, இறங்கிப் போரிட மறுத்தார்கள். மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜெருசலேம் மன்னரே பிடிபட்டார். ஏசுநாதர் அறையப்பட்ட சிலுவையின் பகுதி என்று அவர்கள் போற்றிய மரத்துண்டும் பறிபோயிற்று.

மன்னர் லூசிஞானையும், ரெனால்டையும் சுல்தானின் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மன்னருக்குப் பனிக்கட்டி போட்ட தண்ணீர் கொடுத்தார் சலாவுதீன். மன்னர் குடித்துவிட்டு மீதியை ரெனால்டிடம் நீட்டினார். கைதிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டால் அவனைக் கொல்லக்கூடாது என்பது அரபு நாட்டு வழக்கம். ரெனால்டுக்குத் தண்ணீர் கொடுத்தது தான் அல்ல என்று சலாவுதீன் கூறினார். பிறகு சபதப்படி வாளால் வெட்டினார்.

நடுங்கிய மன்னரிடம், அரசர்கள் அரசர்களைக் கொல்வது வழக்கம் இல்லை என்று தைரியம் சொன்னார். மறு ஆண்டில் அவரை விடுதலை செய்தார்.

ஆனால், மத வீரர் சங்கங்களைச் சேர்ந்த 200-க்கும் மேற்பட்ட கைதிகளுக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. சுல்தானின் உத்தரவுப்படி அவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள். சாதாரணக் கைதிகள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். ஆட்கள் ஏராளமாக வந்து குவிந்ததால் டமாஸ்கஸ் சந்தையில் ஓர் ஆளின் விலை 3 தினாராக விழுந்தது. ஒரு ஜோடி செருப்புக்கு ஓர் அடிமை கைமாறிய கதையும் உண்டு.

சலாவுதீனின் புகழைப் பாடுகிறவர்கள் இதையும் மறக்கக்கூடாது.

பாலியன் கேட்ட அனுமதி

ஆக்கர், யாப்பா, பெய்ரூட், அஸ்கலோன் ஆகிய நகரங்கள் அடுத்தடுத்துப் பணிந்தன. டயர் துறைமுகம் மட்டும் பணியவில்லை.

ஹத்தீன் போரில் தப்பியவர்களில் பாலியன் என்ற பிரபுவும் ஒருவர். அவருடைய மனைவியும், குழந்தைகளும் ஜெருசலேமில் இருந்தார்கள். அவர்களை அழைத்து வர அனுமதி வேண்டும் என்று சலாவுதீனுக்குச் செய்தி அனுப்பினார். ஓர் இரவுக்கு மேல் தங்கக்கூடாது, தனக்கு எதிராக ஆயுதம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் சலாவுதீன் அனுமதி கொடுத்தார். பாலியன் சத்தியம் செய்தார்.

ஜெருசலேமில் மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். படை நடத்தத் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. போகக்கூடாது என்று கதறினார்கள். பாலியன் தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டார். நிலைமையை விளக்கி சலாவுதீனுக்கே கடிதம் எழுதினார்.

சலாவுதீன் அவரைச் சத்தியத்தில் இருந்து விடுவித்தார். அதோடு, பாலியனின் மனைவியும் குழந்தைகளும் பத்திரமாகப் போய்ச்சேரத் தன்னுடைய வீரர்களையே காவலுக்கு அனுப்பினார்.

தலைக்கு 10 தினார்

செப்டம்பர் 20-ந்தேதி முற்றுகை தொடங்கியது. சில நாட்களில் மதிலின் வடக்குப் பகுதியில் ஓட்டை விழுந்தது. பாலியன் சமாதானம் பேச வந்தார்.

முதலில் சலாவுதீன் இணங்கவில்லை. 1099-ல் பரங்கியர் இந்த நகரை எப்படிப் பிடித்தார்களோ, அப்படியே பிடிக்கப்போவதாகக் கூறினார்.

அப்படியானால் நகரில் உள்ள 5 ஆயிரம் முஸ்லிம் கைதிகளையும் கொன்று, மசூதிகளை இடித்து, பெண்டு பிள்ளைகளையும் தாங்களே கொன்றுவிட்டு, கடைசி ஆள் வரை சண்டை போடப்போவதாக பாலியன் எச்சரித்தார்.

சலாவுதீன் தளபதிகளைக் கலந்து பேசினார். ரத்தம் சிந்தாமல் நகரை வாங்குவது என்று முடிவாயிற்று. நகரில் உள்ளவர்கள் பணம் கட்டிவிட்டு வெளியேறலாம். ஆணுக்கு 10 தினார். பெண்ணுக்கு 5 தினார். குழந்தைக்கு 1 தினார். 40 நாள் கெடு. கட்ட முடியாதவர்கள் அடிமைகள்.

10 தினார் என்றால் சுமார் 5 பவுன் தங்கம். வசதி உள்ளவர்களுக்கு அது பெரிய தொகை அல்ல. கூலி வேலை செய்து வயிறு வளர்த்தவர்கள் எங்கே போவார்கள்?

இங்கிலாந்து மன்னர் 2-ம் ஹென்றி, போர்ச் செலவுக்காக ஜெருசலேமில் கொடுத்து வைத்திருந்த பணத்தில் இருந்து 30 ஆயிரம் தினாரை பாலியன் கட்டினார். அதற்கு 7 ஆயிரம் ஏழைகளை விடுவிக்க சலாவுதீன் சம்மதித்தார்.

1187-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி நகரம் சலாவுதீன் கைக்கு வந்தது. 88 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது போன்ற படுகொலை நடக்கவில்லை. தெருக்களில் காவல் போடப்பட்டது.

வாசல்களில் கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பணம் கட்டியவர்களுக்கு ரசீது. ரசீதைக் காட்டினால் வெளியே விடுவார்கள். அந்த இடத்திலும் ஊழல் புகுந்தது. லஞ்சம் வாங்கிக்கொண்டு ஆட்களை வெளியே விட்டார்கள். சிலர் மாறுவேடத்தில் போனார்கள். சிலரைக் கயிறு கட்டி மதில் வழியாக இறக்கினார்கள். அரசாங்கத்துக்கு வர வேண்டிய பணத்தில் பெரும் பகுதி அதிகாரிகள் பைக்குள் போய்விட்டதாக சலாவுதீனின் காரியதரிசியே மனம் நொந்து எழுதி இருக்கிறார்.

பணம் இல்லாத ஏழைகள்

நகரின் தலைமைக் குரு தன் பங்குக்கு 10 தினார் கட்டினார். தங்கம், வெள்ளிப் பாத்திரங்கள், தரை விரிப்புகள் எல்லாவற்றையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பக்கத்திலேயே, பணம் கட்ட வழி இல்லாத ஏழைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த வண்டிகளைப் பறிமுதல் செய்யும்படி தளபதிகள் சலாவுதீனிடம் கூறினார்கள். 10 தினார் கட்டினால் பொருளுடன் போகலாம் என்று வாக்குக் கொடுத்திருப்பதால் தொடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

சுல்தானின் தம்பி ஆதிலால் ஏழைகளின் நிலையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. போரில் தான் செய்த சேவைக்குப் பரிசாக ஆயிரம் அடிமைகள் வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டார். கிடைத்ததும், அந்த ஆயிரம் பேரையும் அங்கேயே விடுதலை செய்தார்.

அதைப் பார்த்த தலைமைக் குருவும் கேட்டார். அவருக்கு 700 பேர் கிடைத்தார்கள். பாலியனுக்கு 500 பேர். அதன் பிறகு சலாவுதீன், தன்னுடைய தர்மம் இது என்று கூறி, பணம் இல்லாத வயதானவர்கள் அனைவரையும் விட்டுவிட உத்தரவிட்டார். விடிந்ததில் இருந்து இருட்டும் வரை அவர்கள் ஒரு வாசல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

கணவனை இழந்த பெண்கள் வந்து அழுதார்கள். அவர்களுக்குத் தன் பணத்தில் இருந்து உதவினார். கைதியாக இருந்த கணவன்மார்களை விடுவித்தார்.

அப்படியும் சுமார் 15 ஆயிரம் பேர் அடிமைகள் ஆனார்கள். அவர்களுக்காகக் கட்ட ஆள் இல்லை.

கட்டணமாக வந்த சுமார் 1 லட்சம் தினாரை சலாவுதீன் தளபதிகளுக்கும், அறிஞர்களுக்கும், ஏழைகளுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார். அவர் கையில் ஒன்றும் தங்கவில்லை. அவருடைய பழக்கம் தெரிந்த கருவூல அதிகாரிகள், அவசரச் செலவுக்கு என்று கொஞ்சம் பணத்தை அவருக்கே தெரியாமல் ஒளித்து வைப்பது உண்டு.

ஏசுநாதர் கல்லறை உள்ள தேவாலயத்தை இடித்துவிடலாம் என்று சிலர் யோசனை கூறினார்கள். சலாவுதீன் ஏற்கவில்லை. உள்நாட்டுக் கிறிஸ்தவர்கள் நகரிலேயே தங்க அனுமதித்தார். பரங்கியர் ஆட்சியில் அங்கே குடியிருக்கத் தடை செய்யப்பட்டிருந்த யூதர்கள் திரும்பி வந்து குடியேறினார்கள்.

ரிச்சர்டு வந்தார்

ஜெருசலேம் விழுந்த செய்தி ஐரோப்பாவைக் குலுக்கியது. இங்கிலாந்தில் போர்ச் செலவுக்காகப் புதிய வரி போட்டார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் சலாவுதீன் வரி.

மூன்று மன்னர்கள் கிளம்பினார்கள். ஜெர்மனி சக்கரவர்த்தி பிரடெரிக், 1190-ம் ஆண்டு ஜூன் மாதம் வழியில் ஓர் ஆற்றில் மூழ்கி இறந்தார். பிரான்சு மன்னர் பிலிப்பும், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் வந்து சேர்ந்தார்கள். ரிச்சர்டை சிங்க நெஞ்சர் என்று அழைப்பார்கள்.

ஆக்கர் துறைமுகத்தைப் பரங்கியர் முற்றுகையிட்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றி வளைத்து சலாவுதீன் முகாம் போட்டிருந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது.

அப்போது ஒரு நாள் பரங்கியர் முகாமில் இருந்து ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அவளுடைய மூன்று மாதக் குழந்தையை முஸ்லிம் வீரர்கள் இரவில் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். சுல்தான் இரக்கம் உள்ளவர், அவரிடமே போய்க் கேள் என்று அவளுடைய தளபதிகளே அனுப்பி வைத்தார்கள்.

சலாவுதீன் விசாரித்தார். குழந்தை சந்தையில் விற்கப்பட்டிருந்தது. வாங்கியவனுக்குப் பணம் கொடுத்துக் குழந்தையை மீட்டு வரச்செய்தார். தாய் அதை நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த சலாவுதீன் கண் கலங்கினார். அவளைக் குதிரையில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். பகாவுதீன் அருகில் இருந்து பார்த்து எழுதிய நிகழ்ச்சி இது.

1191-ம் ஆண்டு ஜூலை 12-ந்தேதி ஆக்கர் வீழ்ந்தது. பிடிபட்டவர்களை விடுவிக்க 2 லட்சம் தினார் தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. பணம் கொடுப்பதிலும், கைதிகளை ஒப்படைப்பதிலும் இழுபறி. பொறுமை இழந்த ரிச்சர்டு, ஆகஸ்டு 20-ந்தேதி சுமார் 2,700 கைதிகளை சலாவுதீனின் படை பார்க்கும்படி வெட்டவெளியில் நிறுத்திக் கொன்றார். அதன் பிறகு சலாவுதீனும், பிடிபட்ட பரங்கியரைப் பல வாரங்கள் உயிரோடு விடவில்லை.

செப்டம்பர் மாதம் அர்சூப் என்ற இடத்தில் ரிச்சர்டு வென்றார். இரண்டு முறை ஜெருசலேமுக்கு மிக அருகில் வந்தார். நகரைப் பிடித்தாலும் காப்பாற்ற முடியாது என்று இரண்டு முறையும் திரும்பிவிட்டார்.

இதே 1191, 1192 ஆண்டுகளில்தான் நம் நாட்டில் தரைன் போர்க்களத்தில் பிரிதிவிராஜனும், முகமது கோரியும் மோதினார்கள்.

பகைக்கு நடுவே

இரு தரப்பும் களைத்துவிட்டன. ரிச்சர்டுக்குக் காய்ச்சல். பழமும், குளிர்ந்த தண்ணீரும் கேட்டு ஆள் அனுப்பினார். மலையில் இருந்து கொண்டுவந்த பனிக்கட்டியும், பழங்களும் சலாவுதீனிடம் இருந்து போயின. கொண்டுபோன ஆட்கள் எதிரியின் பலம் எவ்வளவு என்று பார்த்து வரவும் தவறவில்லை.

ஆதிலுக்குத் தன் தங்கை ஜோனைக் கல்யாணம் செய்து கொடுத்து, ஜெருசலேமை அவர்கள் இருவரும் ஆளட்டும் என்று கூட ரிச்சர்டு ஒரு முறை யோசனை சொன்னார். அது நடக்கவில்லை.

1192-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந்தேதி ஒப்பந்தம் ஏற்பட்டது. டயரில் இருந்து யாப்பா வரை கடற்கரை பரங்கியருக்கு. ஜெருசலேம் சலாவுதீனுக்கு. கிறிஸ்தவ யாத்திரிகர்கள் ஆயுதம் இல்லாமல் ஜெருசலேம் வந்து வழிபட்டுச் செல்லலாம்.

அக்டோபரில் ரிச்சர்டு கப்பல் ஏறினார். சலாவுதீனும், ரிச்சர்டும் கடைசி வரை நேருக்கு நேர் சந்தித்துப் பேசியதே இல்லை.

போகாத யாத்திரை

வாழ்நாளில் ஒரு முறையாவது மெக்கா சென்று ஹஜ் கடமையை முடிக்க வேண்டும் என்பது சலாவுதீனின் ஆசை. போர் ஓய்ந்த அந்த ஆண்டில் போக நினைத்தார். நேரமும் இல்லை, கையில் பணமும் இல்லை. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

1193-ம் ஆண்டு பிப்ரவரியில் ஹஜ் முடித்துத் திரும்பிய யாத்திரிகர்களை வரவேற்க டமாஸ்கஸ் நகருக்கு வெளியே போனார். மழைக்காலம். வழக்கமாகப் போடும் கனத்த மேலங்கியை அன்று போட்டுக்கொள்ளவில்லை. அன்று இரவே காய்ச்சல் கண்டது. பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது சுமார் 55. அவருக்கு 17 மகன்களும், ஒரு மகளும் இருந்தார்கள்.

அவர் கட்டிய ராஜ்யம் மகன்களின் சண்டையில் சிதறியது. கடைசியில் தம்பி ஆதில் அதை ஒன்று சேர்த்தார். 1250-ல் எகிப்தில் அந்த வம்சத்தின் ஆட்சி முடிந்தது. 1291-ல் ஆக்கரும் விழுந்து, பரங்கியர் அந்தக் கரையை விட்டே வெளியேறினார்கள்.

ஐரோப்பாவில் சலாவுதீனின் பெயர் வளர்ந்துகொண்டே போனது. இத்தாலிய மகாகவி தாந்தே தன்னுடைய காவியத்தில் அவரை நரகத்தின் வேதனை இல்லாத பகுதியில், நல்லோர் வரிசையில் வைத்தார். வால்டர் ஸ்காட் 1825-ல் எழுதிய நாவல் அவரை ஆங்கிலம் படிப்பவர்களின் கதாநாயகன் ஆக்கியது.

1898-ம் ஆண்டில் ஜெர்மனி சக்கரவர்த்தி 2-ம் வில்லியம், டமாஸ்கஸ் பெரிய மசூதிக்குப் பக்கத்தில் உள்ள சலாவுதீனின் சமாதிக்கு வந்தார். பழைய மரப்பெட்டியாக இருக்கிறதே என்று எண்ணி, அழகிய வெள்ளைப் பளிங்குப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

சலாவுதீனின் உடலை யாரும் இடம் மாற்றவில்லை. அவர் பழைய மரப்பெட்டி இருக்கும் இடத்திலேயே உறங்குகிறார். பக்கத்தில் பளிங்குப் பெட்டி காலியாக இருக்கிறது.